“இல்லை” என்று போகும் கடிதம்: கதிர்வீச்சு இழப்பீட்டு வழக்கறிஞர்களை எப்படி மேற்பார்வையிடுவது?

அமெரிக்காவின் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் 1990 அக்டோபர் 15 அன்று வந்தது. நெவாடா பாலைவனத்தில் வெடித்த அணுகுண்டுகளின் சாம்பல் காற்றோடு போய் விழுந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள், சோதனைத் தளத்திலேயே வேலை பார்த்தவர்கள், குண்டுகளுக்கான யுரேனியத்தைத் தோண்டியவர்கள், அரைத்தவர்கள், லாரியில் ஏற்றிப் போனவர்கள் ஆகியோர் குறிப்பிட்ட நோய்களுக்கு ஆளானால் அரசு ஒரு நிலையான தொகையைத் தர வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம். நீதித்துறையின் சிவில் பிரிவு இதை நடத்துகிறது. இங்கே நீதிபதி இல்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. கோப்பைப் படிக்கும் அரசு வழக்கறிஞரே முடிவை எழுதுகிறார். அவர் தவறினால், கடிதம் வெளியே போகும் முன் அதைப் பிடிக்கக்கூடியவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான்.

2024 ஜூனில் இந்தச் சட்டத்தின் மனுக் கெடு முடிந்துபோனது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய நிதிச் சட்டத்தின் ஒரு பகுதியாக அது உயிர்பெற்றது; பழையபடி அல்ல, பல மடங்கு விரிந்து. காற்றுத் திசையில் வாழ்ந்தவர்களுக்கு 50,000 டாலர், சோதனைத் தளத்தில் இருந்தவர்களுக்கு 75,000, யுரேனியத் தொழிலாளர்களுக்கு 1,00,000 என்றிருந்த தொகைகள் எல்லோருக்கும் 1,00,000 ஆயின. உட்டா, நியூ மெக்சிகோ, ஐடஹோ மாநிலங்கள் முழுமையாக உள்ளே வந்தன. சோதனைக் காலத்தில் அங்கே 2 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது 1 ஆண்டானது. யுரேனியத் தொழிலுக்கான கடைசி நாள் 1971 டிசம்பர் 31 இலிருந்து 1990 டிசம்பர் 31க்கு நகர்ந்தது. மிசூரி, டென்னசி, கென்டக்கி, அலாஸ்கா மாநிலங்களில், முதல் அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் கழிவுகளுக்கு அருகே, சட்டம் பட்டியலிட்ட அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்குத் தனி வகை ஒன்று பிறந்தது. மனுக் கொடுக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31. நிதியம் மூடப்படுவது 2028 டிசம்பர் 31.

ஆக, ஒரு மேற்பார்வை வழக்கறிஞரின் முன் இருக்கும் கேள்வி இது: குறுகிய காலம், பெருகிய மனுக்கள், பலவிதத் தகுதி விதிகள். இந்த நிலையில் எந்தக் கோப்பை எத்தனை பேர் படிக்க வேண்டும், எந்தக் கடிதத்தில் யார் கையெழுத்திட வேண்டும்? மூன்று முறைகளை ஒப்பிடலாம். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேற்பார்வையாளரின் நேரம் “சரி” என்ற கோப்புகளில் கரையக் கூடாது. “இல்லை” என்ற கடிதத்திலும், “இன்னும் ஒரு ஆவணம் அனுப்புங்கள்” என்ற கடிதத்திலும் அது செலவாக வேண்டும்.

கோப்பு நடக்கும் வழி

மனு வந்தவுடன் தேதி முத்திரை விழும். சட்டம் தரும் 12 மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். அடுத்து ஆய்வாளர் ஒருவர் கோப்பைத் திறந்து மூன்று விஷயங்களைச் சரிபார்ப்பார்: ஆள் எங்கே இருந்தார், எந்தக் காலத்தில் இருந்தார், எந்த நோய் வந்தது. கதிர்வீச்சுதான் நோயைத் தந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆய்வாளர் தயாரித்த குறிப்போடு கோப்பு வழக்கறிஞரிடம் போகும். ஒப்புதல் என்றால் மனுதாரருக்கு ஏற்புப் படிவம் அனுப்பப்படும். அவர் கையெழுத்திட்டால் அரசின் மீதான அவருடைய உரிமைக் கோரிக்கை அதோடு தீர்ந்ததாகும். ஒப்புதலிலிருந்து 6 வாரத்துக்குள் பணம் போக வேண்டும். நிராகரிப்பு என்றால் 60 நாளில் மேல்முறையீடு. அதை 90 நாளில் தீர்க்க வேண்டும். அதன் பிறகும் மறுப்பு என்றால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம்.

2000 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த இரண்டு விதிகள் மேற்பார்வையின் முகத்தையே மாற்றுகின்றன. ஒன்று, தகுதி குறித்து எழும் நியாயமான ஐயம் எல்லாம் மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட வேண்டும். மற்றது, கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் போன நாளிலிருந்து பதில் வரும் வரையுள்ள காலம் 12 மாதத்தில் சேராது. முதல் விதியால், தவறான ஒப்புதலைவிடத் தவறான நிராகரிப்பே சட்டத்துக்கு அதிகம் முரணானது. இரண்டாவது விதியால், காகிதத்தில் கெடு ஒருபோதும் மீறப்படாமலேயே ஒரு மனுதாரர் 2 ஆண்டு காத்திருக்க முடியும். 1950களில் சிறுவராக இருந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில், பலர் புற்றுநோயோடு இருக்கிறார்கள். காத்திருப்பிலேயே மனுதாரர் இறந்துபோனால் கோப்பு வாரிசுகளின் பெயரில் முதலிலிருந்து தொடங்கும்.

முதல் முறை: எல்லாக் கோப்பும் ஒரே மேசைக்கு

தொடங்குவதற்கு இதுவே எளிது. ஆய்வாளர் எழுதுகிறார், வழக்கறிஞர் படிக்கிறார், ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் மீண்டும் படித்துக் கையெழுத்திடுகிறார். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்ப்பதால் ஒருமைப்பாடு இருக்கும். புதிய சட்டத்தின் சொற்களுக்கு முதல் சில மாதங்களில் பொருள் நிலைபெறும்போது இது மிகவும் உதவும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி நேரத்தில் கூட்டம், பணியாளர் விஷயம், மேலிடக் கேள்விகள் போக ஒரு மேற்பார்வையாளருக்குப் படிக்கக் கிடைப்பது 20 மணி. கோப்புக்கு 30 நிமிடம் என்றால் வாரத்துக்கு 40 கோப்பு, 50 வாரத்துக்கு 2,000. ஆண்டுக்கு 5,000 மனு வருவதாக வைத்துக்கொண்டால் முதல் ஆண்டின் முடிவிலேயே 3,000 கோப்பு வாசலில் நிற்கும். தேக்கம் கூடியதும் நடப்பது வழக்கமான ஒன்றுதான். 30 நிமிடப் படிப்பு 10 நிமிடமாகும். பிறகு ஆய்வாளர் குறிப்பின் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துக் கையெழுத்து விழும். இரண்டு பேர் படித்தார்கள் என்று கோப்பு சொல்லும். உண்மையில் ஒருவரே படித்திருப்பார். அந்த ஒருவரும் “மேலே ஒருவர் பார்ப்பார்” என்ற நம்பிக்கையில் சற்றுத் தளர்ந்து படித்திருப்பார். இந்த இரட்டைத் தளர்ச்சியே முதல் முறையின் பெரிய ஆபத்து.

வழக்கறிஞர் ஒழுக்க விதிகளிலும் இது இடிக்கும். அரசு வழக்கறிஞர்களும் தாங்கள் பணியாற்றும் மாநிலத்தின் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று 1998இன் மெக்டேட் திருத்தம் சொல்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 5.1, தன் கீழுள்ள வழக்கறிஞர்கள் ஒழுக்க விதிகளைக் கடைப்பிடிக்க மேற்பார்வையாளர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்கிறது; விதி 5.3, வழக்கறிஞர் அல்லாத பணியாளர்களின் வேலைக்கும் அதே பொறுப்பைத் தருகிறது. படிக்காமல் இடும் கையெழுத்தை நியாயமான முயற்சி என்று காட்டுவது கடினம்.

இரண்டாவது முறை: ஒப்புதலை ஒப்படைப்பது, நிராகரிப்பை வைத்துக்கொள்வது

இதில் ஒப்புதல் அதிகாரம் எழுத்து மூலம் வழக்கறிஞர்களுக்குப் போகிறது. மேற்பார்வையாளர் எல்லா நிராகரிப்புகளையும், ஒப்புதல்களில் ஒரு மாதிரிப் பங்கையும் படிக்கிறார். நீதித்துறையின் விதிகள் முடிவெடுக்கும் பொறுப்பை இந்தத் திட்டத்தின் உதவி இயக்குநரிடம் வைத்திருப்பதால், ஒப்படைப்பு வாய்மொழியாக இருக்கக் கூடாது. எந்த வகைக் கோப்பு, எந்தத் தொகை வரை, எந்தச் சிக்கல் இருந்தால் திரும்ப மேலே வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வைக்க வேண்டும்.

அதே 5,000 கோப்பை எடுத்துக்கொள்வோம். நான்கில் மூன்று ஒப்புதல் என்றால் 3,750. அதில் 10% மாதிரி 375 கோப்பு, 20 நிமிடம் வீதம் 125 மணி. நிராகரிப்பு 1,250, தலா 45 நிமிடம் என்றால் 937 மணிக்கு மேல். மொத்தம் 1,060 மணிக்குச் சற்று மேல். மேற்பார்வையாளரிடம் இருப்பதோ 1,000 மணி. அதாவது ஏறக்குறையப் பொருந்துகிறது, முழுமையாக அல்ல. மீதியைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. நிராகரிப்புக் கோப்பை மேற்பார்வையாளருக்கு முன் வேறொரு வழக்கறிஞர் படித்து, அரைப் பக்கத்தில் தன் கருத்தை எழுதித் தர வேண்டும். அப்படி வந்தால் 45 நிமிடம் 30 ஆகும். இருவரும் முரண்பட்டால் அந்த முரண்பாடு கோப்பிலேயே இருக்கட்டும். வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 5.2இன்படி, விவாதத்துக்கு இடமுள்ள விஷயத்தில் மேற்பார்வையாளரின் நியாயமான தீர்மானத்தைப் பின்பற்றும் இளைய வழக்கறிஞர் தவறிழைத்தவர் ஆகமாட்டார். ஆனால் தீர்மானம் என்ன என்பது எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு.

மாதிரிக் கோப்புகளைக் குருட்டுத்தனமாக எடுப்பதில் பயன் குறைவு. கண்ணை மூடி எடுக்கும் 10%இல் பெரும்பாலும் நேரான கோப்புகளே வரும். பணம் தவறாகப் போகக்கூடிய இடங்கள் தெரிந்தவைதான்: இறந்த ஒருவருக்காக இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக மனுக் கொடுத்திருப்பது, ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் வரும் பல பிரமாணப் பத்திரங்கள், முன்பே வழக்கிலோ சமரசத்திலோ பணம் பெற்றதால் அந்தத் தொகை இழப்பீட்டில் கழிக்கப்பட வேண்டியவர், புதிய வழக்கறிஞரின் முதல் 25 ஒப்புதல்கள். இவற்றை 100% படித்து, மிச்சத்தில் 5% எடுத்தால் போதும்.

இந்த முறையில் கெட்டுப்போவது எது? நிராகரிப்புக்கு மேலிடக் கையெழுத்து வேண்டும், ஒப்புதலுக்கு வேண்டாம் என்றால் சில வழக்கறிஞர்கள் வேலை மிச்சம் என்று சந்தேகக் கோப்பையும் ஒப்புதலில் தள்ளுவார்கள். சட்டமே ஐயத்தை மனுதாரர் பக்கம் தீர்க்கச் சொல்வதால் இது சிறிய அளவில் குற்றமில்லை. பெரிய அளவில் குற்றம். வேறு சிலர் நிராகரிக்கவும் மாட்டார்கள், ஒப்புதலும் தரமாட்டார்கள். ஆவணம் கேட்டு இன்னொரு கடிதம் அனுப்புவார்கள். கெடு நின்றுவிடும், கோப்பு மேசையை விட்டு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறை: முடிவெடுப்போர் ஓரிடம், சரிபார்ப்போர் வேறிடம்

தொழிலாளர் துறை இதைத்தான் செய்கிறது. அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கான 2000 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அங்கே மாவட்ட அலுவலகம் பரிந்துரை முடிவை மட்டும் எழுதும். அதைப் பார்த்து மனுதாரர் 60 நாளில் ஆட்சேபிக்கலாம், நேர்முக விசாரணை கேட்கலாம். இறுதி முடிவை மாவட்ட அலுவலகத்திலிருந்து பிரிந்து நிற்கும் இறுதித் தீர்ப்புக் கிளை எழுதும். பிறகு மறுபரிசீலனைக்கு 30 நாள். இந்த இரு திட்டங்களும் உறவுக்காரத் திட்டங்கள்: நீதித்துறை 1,00,000 டாலர் ஒப்புதல் தந்த யுரேனியத் தொழிலாளி, தொழிலாளர் துறையிடம் மேலும் 50,000 டாலரும் மருத்துவச் செலவும் கேட்கலாம். ஆகவே ஒன்றின் பிழை மற்றொன்றில் பணமாகத் தொடரும்.

இந்த முறையின் உண்மையான பலம், மனுதாரர் இறுதி முடிவுக்கு முன்பே காரணத்தைப் படித்துவிடுகிறார் என்பது. “பெயர் மாறியிருக்கிறது, இதோ ஞானஸ்நானச் சான்று” என்று அந்த 60 நாளில் ஒரு தாளை அனுப்பினால் விஷயம் முடிந்தது. நீதித்துறைத் திட்டத்தில் அந்தத் தாள் நிராகரிப்புக்குப் பிறகு, மேல்முறையீட்டிலோ புதிய மனுவிலோதான் வரும். மனு திரும்பத் திரும்பக் கொடுக்க முடியும், மூன்று முறை வரை. ஆனால் ஒவ்வொரு முறையும் கெடு முதலிலிருந்து.

ஆட்கணக்கில் இது சாத்தியமே. அதே 5,000 கோப்புக்கு 8 வழக்கறிஞர்கள் இருப்பதாக வைத்து, அவர்களில் 5 பேர் முடிவெழுத, 3 பேர் சரிபார்க்க என்று பிரித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 1,400 மணி உண்மை வேலை என்று கொண்டால் எழுதுவோருக்குக் கோப்புக்கு 84 நிமிடம், சரிபார்ப்போருக்கு 50 நிமிடம் கிடைக்கும். ஆனாலும் 2028இல் மூடப்போகும் ஒரு திட்டத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். இரண்டு அணிகளுக்கும் இடையே விளக்கங்கள் ஒன்றுபட ஓர் ஆண்டாவது பிடிக்கும். அதற்குள் காலத்தில் பாதி போய்விடும். மேலும் இங்கே மேல்முறையீட்டு அலுவலர் என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். நடுவில் இன்னொரு படியைச் சேர்த்தால் கோப்பு படியேறிக்கொண்டே இருக்கும். நேரான ஒப்புதல் கோப்பும், அதே வரிசையில், அதே வேகத்தில்.

தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டுவோரும் உண்டு. அது பொருந்தாது. அங்கே நீதித்துறை வழக்கறிஞர் அரசுக்காக வாதிடுகிறார். முடிவெடுப்பவர் நீதிமன்றத்தின் சிறப்பு அலுவலர். வாதிடும் பழக்கத்தில் வளர்ந்த வழக்கறிஞரை இங்கே கொண்டுவரும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது: மனுவில் ஓட்டை தேடுவது அவருக்கு இயல்பாகிவிட்டிருக்கும். புதிதாக வருபவருக்கு முதல் வாரத்தில் சொல்ல வேண்டிய முதல் பாடம், இங்கே நீங்கள் எதிர்த்தரப்பு அல்ல என்பது.

இரண்டாவது கடிதம்

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒரு விதி கட்டாயம் வேண்டும். மனுதாரரிடம் ஆவணம் கேட்கும் முதல் கடிதம் வழக்கறிஞரின் சொந்தப் பொறுப்பில் போகலாம். இரண்டாவது கடிதம் மேற்பார்வையாளரின் கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது. இரண்டாவது கடிதம் எழுத நேர்ந்தது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்கவில்லை, அல்லது அலுவலகமே வேறிடத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆவணத்தை நோயாளியிடம் கேட்கிறார்கள்.

வேறிடங்கள் பல உண்டு. ராணுவத்தினர் எந்தச் சோதனையில் இருந்தார்கள் என்பதைப் பாதுகாப்பு அச்சுறுத்தல் குறைப்பு முகமை உறுதி செய்யும். சுரங்க வேலைக்குச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சம்பள வரலாறும், பொது சுகாதாரச் சேவை நடத்திய சுரங்கத் தொழிலாளர் ஆய்வின் பதிவுகளும் உண்டு. புற்றுநோய்க்கு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடுகள். வசித்த இடத்துக்குப் பள்ளிப் பதிவு, வரி ரசீது, தேவாலயச் சபையின் உறுப்பினர் ஏடு. இவற்றில் எதையெல்லாம் அலுவலகம் தானே எழுதிக் கேட்டது என்பதை முதல் கடிதத்தின் நகலோடு ஒரு தாளில் குறித்து வைத்தால், இரண்டாவது கடிதத்துக்கு வேலை பெரும்பாலும் இராது.

கூடவே, மேற்பார்வையாளர் பார்க்கும் பட்டியலில் சட்டக் கெடு நாட்களோடு நாட்காட்டி நாட்களும் இருக்க வேண்டும். சட்டக் கணக்கில் 140ஆம் நாளில் இருக்கும் கோப்பு நாட்காட்டியில் 500ஆம் நாளில் இருக்கலாம். மாதம் ஒருமுறை, நாட்காட்டிக் கணக்கில் மிகப் பழைய 20 கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எதற்காக நிற்கிறது என்று அந்தந்த வழக்கறிஞர் ஒரு வரியில் சொல்ல வேண்டும். “மனுதாரர் பதில் தரவில்லை” என்பது விடை அல்ல. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டீர்களா என்பதே அடுத்த கேள்வி. நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாட்டில் ஒரு தபால் பெட்டியைப் பல குடும்பங்கள் பகிர்வது சாதாரணம். மனுதாரருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

நிராகரிப்புகள் எங்கே பிழைபடுகின்றன

மூன்று இடங்களில். முதலாவது, உறவு. இறந்தவரின் துணைக்கு, இறப்புக்கு முன் குறைந்தது 1 ஆண்டு மணவாழ்வு இருந்திருக்க வேண்டும். துணை இல்லையென்றால் பிள்ளைகள் சமப் பங்கு. பிறகு பெற்றோர், பேரப்பிள்ளைகள், தாத்தா பாட்டி. மாநிலப் பதிவு இல்லாத பழங்குடித் திருமணத்தை, தாள் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளுவது சட்டத்துக்கே விரோதம். அந்தந்தப் பழங்குடியின் சட்டம், மரபு, வழக்கம் ஆகியவற்றுக்கு மதிப்புத் தந்தே உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் நேராகச் சொல்கிறது. இந்தக் காரணத்தால் எழும் எந்த நிராகரிப்பு வரைவையும், பழங்குடிச் சட்டத்தைப் பார்த்ததற்கான குறிப்பு இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, மருத்துவம். காற்றுத் திசை வகையில் பெரும்பாலான உறுப்புகளுக்குப் புற்றுநோய் அங்கேயே தொடங்கியதாக இருக்க வேண்டும். நுரையீரலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது என்றால் நுரையீரல் கணக்கில் அது தகுதியானது. கல்லீரல் அறிக்கையை மட்டும் பார்த்த ஆய்வாளர் தள்ளிவிடுவார். கல்லீரலிலேயே தொடங்கியது என்றாலும் இழைநார் வளர்ச்சியோ (சிரோசிஸ்) பி வகை மஞ்சள் காமாலையோ இருந்தால் தகுதி போகும். அதைப் பழைய ரத்தப் பரிசோதனையின் ஒரு வரியை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நார்ப்படிவம், சிலிக்கோசிஸ் போன்ற நோய்களுக்கு மார்பு எக்ஸ்ரேயை ஆதாரமாகக் காட்டினால், அதைப் பி-ரீடர் (இத்தகைய எக்ஸ்ரேக்களை வகைப்படுத்தச் சான்று பெற்ற மருத்துவர்) பார்த்து 1/0 அல்லது அதற்கு மேல் என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு பி-ரீடர் அதற்கு ஒரு படி கீழான 0/1 என்று சொல்லி இன்னொருவர் 1/0 என்று சொன்னால், ஐயத்தை மனுதாரர் பக்கம் தீர்க்கும் விதி வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். அதற்கென்று தனி மருத்துவ ஆலோசகர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் வழக்கறிஞர்கள் தாங்களே மருத்துவராகும் ஆசை குறையும்.

மூன்றாவது, வேலைக் காலம். ஒருகாலத்தில் சுரங்கத் தொழிலாளி ரேடான் என்ற கதிர்வீச்சு வாயுவை எவ்வளவு சுவாசித்தார் என்பதை ‘வொர்க்கிங் லெவல் மந்த்’ என்ற அளவில் கணக்கிட்டார்கள். 2002க்குப் பிறகு 40 அலகு அல்லது 1 ஆண்டு வேலை, இரண்டில் ஒன்று போதும். பழைய கோப்புகளைப் படித்துப் பழகியவர்கள் 1 ஆண்டு நிரூபணமான பிறகும் அலகுக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்குவார்கள். 1972 முதல் 1990 வரையிலான காலம் இப்போது உள்ளே வந்திருப்பதால், முன்பு காலக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டவர்களின் கோப்புகள் திரும்ப வரும். பழைய நிராகரிப்புக் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கத்தை மேற்பார்வையாளர் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

விதியையே சரியாகப் படித்தோமா என்ற சந்தேகமும் எப்போதும் இருக்க வேண்டும். மனுதாரரின் தனி வழக்கறிஞருக்குச் சட்டம் விதித்த கட்டண உச்சவரம்பு முதல் மனுவுக்கு 2%, நிராகரிக்கப்பட்டு மீண்டும் தருவதற்கு 10%. செலவுத் தொகையும் இந்த வரம்புக்குள் அடக்கம் என்று நீதித்துறை எழுதிய விதியை 2007இல் 10ஆவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. விதியைக் காட்டி நிராகரிக்கும்போது, அந்த விதி எந்தச் சட்ட வாசகத்தில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்வது வீண் வேலை அல்ல.

வகைவாரி அணிகளா, பொதுக் குழுவா

இதை நீட்ட வேண்டியதில்லை. 8 பேர் கொண்ட அலுவலகத்தில் யுரேனியம் ஒரு அணி, காற்றுத் திசை ஒரு அணி, கழிவு ஒரு அணி என்று சுவர் எழுப்பினால் ஒருவர் விடுப்பில் போனதும் ஒரு வகை முழுவதும் நிற்கும். எல்லோரும் எல்லா வகையும் பார்க்கட்டும்; வகைக்கு ஒரு மூத்தவர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவராக இருக்கட்டும். மிசூரி முதலிய நான்கு மாநிலங்களின் கழிவு வகை மட்டும் விதிவிலக்கு. 1949 ஜனவரி 1க்குப் பிறகு 2 ஆண்டு வசிப்பு, அஞ்சல் குறியீட்டு எல்லை, உயிரோடிருப்பவருக்கு 50,000 டாலர் அல்லது கைக்காசாகச் செலவான மருத்துவச் செலவு இவற்றில் எது அதிகமோ அது என்று அதன் உள்ளடக்கமே வேறு. மருத்துவ ரசீதுகளைக் கூட்டும் வேலைக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை. முதல் 6 மாதம் அதை இரண்டு பேரிடம் கொடுத்து, புதிய கேள்விகளுக்கான விடைகளைப் பதியும் ஒரு முடிவு ஏட்டை உருவாக்கிய பின் எல்லோருக்கும் திறக்கலாம்.

எங்கள் தேர்வும் அதை அமைக்கும் விதமும்

இரண்டாவது முறை, முதல் 90 நாள் மட்டும் முதல் முறையோடு தொடங்கி. அந்த 90 நாளில் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் படிப்பதன் நோக்கம் சரிபார்ப்பு அல்ல, முடிவு ஏடு எழுதுவது. ஒவ்வொரு புதிய கேள்விக்கும் எண், தேதி, விடை, காரணம், 4 வரிக்கு மிகாமல். 90 நாள் முடிந்ததும் ஒப்படைப்புக் குறிப்பு ஆளுக்கு ஆள் வெளியாகும். அனுபவசாலிக்கு முழுதாக, புதியவருக்கு 25 கோப்பு பிழையின்றி முடிந்த பிறகு.

ஆண்டுப் பணி மதிப்பீட்டில் முடித்த கோப்புகளின் எண்ணிக்கையை முதல் இடத்தில் வைத்தால் வழக்கறிஞர்கள் எளிய கோப்புகளைப் பொறுக்கி எடுப்பார்கள். மேல்முறையீட்டில் கவிழ்ந்த நிராகரிப்புகள், இரண்டாவது கடிதம் தேவைப்பட்ட கோப்புகளின் விழுக்காடு, கையில் உள்ள மிகப் பழைய கோப்பின் நாட்காட்டி வயது: இந்த மூன்றையும் வைத்தால் நடத்தை மாறும். கவிழ்ந்த நிராகரிப்பு ஒவ்வொன்றையும் எழுதியவரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து 15 நிமிடம் படிக்க வேண்டும். கண்டிப்பதற்காக அல்ல, முடிவு ஏட்டில் எந்த வரி தப்பு என்று கண்டுபிடிக்க.

பணம் வழங்கும் கட்டத்தையும் மேற்பார்வையின் எல்லைக்கு வெளியே விட வேண்டாம். 2000 மே மாதம் நிதியத்தில் பணம் தீர்ந்தபோது ஒப்புதல் பெற்றவர்களுக்குக் காசோலைக்குப் பதில், நிதி வந்ததும் தருவோம் என்ற கடிதங்கள்தான் போயின. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும் வரை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒப்புதலுக்கும் ஏற்புப் படிவம் திரும்புவதற்கும் இடையில் நிற்கும் கோப்புகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அங்கே பெரும்பாலும் வங்கி எண் பிழையோ, ஒரு சகோதரரின் கையெழுத்து விடுபட்டதோதான் காரணமாக இருக்கும்.

கடைசியாக, நாட்காட்டியைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். 2027 டிசம்பர் 31 அன்று வந்து சேரும் மனுவின் 12 மாதம் 2028 டிசம்பர் 31 அன்று முடிகிறது, நிதியம் மூடும் அதே நாளில். பணம் தர 6 வாரம் வேண்டும் என்றால் ஒப்புதல் நவம்பர் 19க்குள் வர வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீட்டில் வென்றாலும் பணம் பெற வேண்டுமென்றால், அதற்கு முன் 90 நாளும், அதற்கும் முன் 60 நாளும் விட வேண்டும். அப்படியானால் கடைசி நிராகரிப்புக் கடிதம் 2028 ஜூன் 22க்குள் அஞ்சலில் சேர்ந்திருக்க வேண்டும். சட்டக் கெடுவை மட்டும் பார்த்து வேலை செய்யும் அலுவலகம் இந்தத் தேதியைத் தவறவிடும். ஆகவே கெடுவுக்கு முந்தைய கடைசி வாரங்களில் குவியும் மனுக்களில் நிராகரிப்புக்குப் போகக்கூடியவற்றை 2028 ஜனவரியிலேயே பிரித்தெடுத்து, ஒப்புதல் கோப்புகளுக்கு முன்னால் வரிசையில் வைக்க வேண்டும்.